அண்ணனின் வெறுங்கால்

அன்று அம்மன் என் மேல் வரவில்லை. வந்ததாக நடித்தேன். அந்த நடிப்பால் என் அண்ணன் ஒரு காலை இழந்தார்.

எழுதிவிட்டேன்... இதைப் படிக்கிற நீங்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வேன்?

என் பெயர் புஷ்பா. மலேசியாவில், மலாக்கா மாநிலத்து நியாலாஸ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வளர்த்தது அண்ணன் மணியமும் அண்ணியும்தான். அண்ணன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கோபம். ஆனால் கோயில் வாசலுக்கு வந்துவிட்டால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்.

அப்பா காலத்தில் அது ரப்பர் தோட்டம். அவர் வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடுதான் பால்மரம் சீவினார். அட்டைக்கடி, சேற்றுப்புண், முள்... அதை யாரும் விரதம் என்று சொல்லவில்லை, இல்லாமை என்றார்கள். அதே வெறுங்கால் கோயிலுக்குள் நுழைந்தால் பக்தி. துரை பங்களா முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தால் அடக்கம். சாவு வீட்டில் துக்கம். எங்கள் ஆட்கள் வாயைத் திறக்காமல் காலை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் முழுக்கால் பூட்ஸ் போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அண்ணன். செம்பனை மட்டையின் முள் விளையாட்டுக் காரியமில்லை. குத்தினால் உள்ளேயே முறிந்துகொள்ளும். அந்தப் பூட்ஸை அவர் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். சாமி படத்துக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் மரியாதை அதற்குத்தான்.

எனக்கும் ஒரு சப்பாத்து இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் தொழிற்சாலைகள் பெண்களை வாரி எடுத்துக்கொண்டிருந்தன. விடியுமுன் ஃபேக்டரி பஸ் எங்கள் தோட்டத்து முச்சந்திக்கு வந்து நிற்கும். நானும் ஏறினேன். சிறிய சிறிய மின்னணுப் பொருள்கள் செய்கிற இடம். வெறுங்காலோடு உள்ளே விடமாட்டார்கள். வெள்ளைச் சப்பாத்து போட்டுத்தான் போக வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது எனக்கு என்னவோ உயரமாகிவிட்ட மாதிரி இருக்கும்... சிரிக்காதீர்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஃபேக்டரிப் பெண்களைப் பற்றி ஆண்கள் கள்ளுக்கடையில் பேசுவதை அவர் கேட்டிருக்கிறார். பயந்துவிட்டார். அவருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பெம்பானில் ஒரு லாரிக்காரரை எனக்குப் பார்த்துவிட்டு வந்தார். முதல் மனைவி இறந்துபோனவர். அண்ணனைவிட மூத்தவர்!

முடியாது என்றேன். அழுதேன். பட்டினி கிடந்தேன். அண்ணியும் எனக்காகப் பேசிப் பார்த்தார். அண்ணன் என் வெள்ளைச் சப்பாத்தை எடுத்துக்கொண்டுபோய், கொல்லையில் எரிந்துகொண்டிருந்த குப்பையில் போட்டார்.

“இதைப் போட்டுக்கிட்டுத்தான இவ்வளவு திமிரு? இனிமே வேலைக்கும் போவ வேணாம், ஒண்ணுக்கும் போவ வேணாம். வீட்டுலயே கெட!”

ரப்பர் கருகுகிற நாற்றம் வீடு முழுக்க நின்றது. அந்த நாற்றத்தில் நான் அவரை வெறுத்தேன். அம்மா போன பிறகு என்னை மடியில் வைத்துக்கொண்டு சோறூட்டியவரை, காய்ச்சலில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடியவரை... வெறுத்தேன்.

ஆடித் திருவிழா வந்தது.

உங்களுக்கு உறுமி மேளம் பழக்கமோ என்னவோ. அது காதில் விழாது, வயிற்றில் விழும். உச்சி வெயில், கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சாமி வருகிற பெண்கள் இரண்டு மூன்று பேர் ஆடத் தொடங்கினார்கள். நான் சிறு வயதிலிருந்தே அவர்களை உற்றுப் பார்த்தவள். கண் எப்படிச் செருகும், முடி எப்படி அவிழும், மூச்சு எப்படி இழுக்கும் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. தோழிகளுக்கு நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

லாரிக்காரர் வீட்டாரும் அன்று வந்திருந்தார்கள். மறுநாள் பரிசம் பேசுவதாக ஏற்பாடு.

நான் முடியை அவிழ்த்துவிட்டேன்.

அவ்வளவுதான்! அதற்குப் பிறகு நிறுத்த வழியில்லை. கூட்டம் விலகியது. யாரோ என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஆடிக்கொண்டே அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

“டேய் மணியம்!”

எங்கள் வீட்டில் அண்ணனை ஒருமையில் கூப்பிட்டால் நாக்கு அழுகிவிடும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த ஒரு ‘டேய்’ போதுமாக இருந்தது. அண்ணன் வெட்டிய மரம் போல மண்ணில் விழுந்தார். இவ்வளவு பெரிய உடம்பு!

“என் புள்ளைய யாரக் கேட்டுடா பேசி முடிச்ச? அவளுக்கு நான் சொல்றப்பதான் கல்யாணம். அவ வேலைக்குப் போவா. தடுக்காத!”

எந்த ஊர் மாரியம்மன் ஃபேக்டரி வேலைக்குப் பரிந்து பேசுவாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. “தாயே, தாயே” என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லாரிக்காரரின் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அங்கேயே மயங்கி விழுந்து தொலைத்திருக்கலாம்...

ஆனால் குப்பையில் எரிந்தது என் கண்ணுக்குள் இருந்தது.

“உன் கால்ல செருப்பு ஏறக் கூடாது! நான் உத்தரவு குடுக்கற வரைக்கும் ஏறக் கூடாது! மீறுனா...”

மீறினால் என்ன என்று சொல்லக்கூட இல்லை. அண்ணன் என் பாதத்தில் தலையை வைத்தார். “உத்தரவு தாயே” என்றார். அவர் கண்ணீர் என் கால் விரல்களில் சூடாக விழுந்தது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம்! தாங்க முடியாத சந்தோஷம்!

மறுநாள் காலை அண்ணன் பூட்ஸைக் கழுவித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். வெறுங்காலோடு செம்பனைக் காட்டுக்குள் போனார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சத்தம் போட்டார். “அம்மன் உத்தரவு” என்றதும் வாயை மூடிக்கொண்டார். சாயங்காலம் அண்ணன் வாசலில் உட்கார்ந்து காலிலிருந்து முள் எடுப்பார். அண்ணி ஊசியைக் காய்ச்சிக் கொடுப்பார். நான் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். முள் எடுக்கிறவரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். “வந்துட்டியாம்மா” என்பார். குரலில் கோபமே இல்லை. என்னைப் பார்க்கிறபோது அவர் கண்ணில் ஒரு மரியாதை வந்திருந்தது. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

கொஞ்ச நாளில் விடுவித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இன்னொரு வெள்ளிக்கிழமை, இன்னொரு ஆட்டம், ‘போட்டுக்கொள்’ என்று ஒரு வார்த்தை! ஆனால் முதல் முறை ஆத்திரத்தில் செய்தேன். இரண்டாம் முறை யோசித்து, திட்டம் போட்டு, அம்மன் சிலையின் கண்ணெதிரே செய்ய வேண்டும்... கோயில் வாசல் வரை போவேன். கால் கூசும். திரும்பிவிடுவேன்.

மழைக்காலம் வந்தது. வலது குதிகாலில் ஏறிய ஒரு முள் வெளியே வரவில்லை. வீங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டுகிற டிரசர் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, அண்ணனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறதென்று.

“மணியம், நான் சொல்றதக் கேளுலா. இனிப்பு நீர்க்காரனுக்குக் கால்ல புண்ணு வந்தா ஆறாது. பூட்ஸ் போடு, வேலைக்கு லீவு போடு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. சாமிகிட்ட நான் வேணும்னா பேசிக்கறேன்.”

அண்ணன் சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சமையல்கட்டில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“புஷ்பாம்மா... ஒன்னு கேக்கறேன், தப்பா நெனக்காத. அன்னிக்கு அம்மா ஒன் மேல வந்து சொன்னாங்களே... எவ்வளவு நாளைக்குன்னு ஏதாச்சும் சொன்னாங்களா? ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

இப்போது கவனியுங்கள். என் பாவம் கோயில் முன்னால் நடக்கவில்லை. அது ஆத்திரம், சிறு பெண்ணின் புத்திகெட்ட வேலை. என் பாவம் இந்தச் சமையல்கட்டில் நடந்தது.

சாமி வந்தவளுக்குச் சாமி சொன்னது நினைவிருக்காது. எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நினைவிருக்கிறது என்று நான் சொன்னால், அன்று வந்தது சாமி இல்லை என்று ஆகிவிடும். ஒரு வார்த்தை... ஒரே வார்த்தையில் அவர் கால் தப்பியிருக்கும்! நான் மாட்டிக்கொண்டிருப்பேன். ஊர் காறித் துப்பியிருக்கும். ஃபேக்டரி போயிருக்கும். லாரிக்காரர் திரும்பி வந்திருப்பார். எல்லாவற்றையும் ஒரு நொடியில் எடை போட்டேன்.

“எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லண்ணே. நான் என்ன பேசுனேன்னே தெரியாது.”

“அதான... ஒனக்கு எப்படித் தெரியும்” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் இருந்ததால் தப்பித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரியிடம் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செருப்புப் போடலாம். சிவப்பு வந்தால் கூடாது.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வாழ்க்கையில் அன்றைக்கு வேண்டிக்கொண்டது போல நான் என்றும் வேண்டிக்கொண்டதில்லை. தாயே, வெள்ளை! என் பொய்யை நீ அழித்துவிடு! நீ இருப்பது உண்மையானால் வெள்ளை!

குழந்தை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

அந்த நிமிடத்தில் என் உடம்பில் ஏறிய குளிர் இன்றுவரை இறங்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், அதற்கு என்ன அர்த்தம்? அம்மன் இல்லவே இல்லையா, வெறும் பொட்டலமா? அல்லது அவள் இருக்கிறாளா? இருந்து, ‘உன் பொய்யை நீயே அவிழ்’ என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? அல்லது... இதை நினைக்கவே பயமாக இருக்கிறது... அன்று ஆடியது நான்தான் என்று நானே நினைத்துக்கொண்டிருக்கிறேனா?

கால் கறுத்தது. நாற்றம் வந்தது. காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு மலாக்காவுக்குப் போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்த அண்ணன் முதலில் சொன்னது என்ன தெரியுமா? “உசுரையே எடுத்திருக்கலாம். தாயி காலோட விட்டுட்டா.”

எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகையைப் பார்த்து ஊரே என்னைத் தேற்றியது!

அண்ணி மட்டும் தேற்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பஞ்சை நீட்டினேன். தலை நிமிராமலே கேட்டார்:

“சாமிக்கு ஒங்க அண்ணன் காலு எதுக்கு புஷ்பா?”

பஞ்சை வைத்துவிட்டு எழுந்து போனேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு அறை விட்டுக் கேட்டிருக்கலாம்.

அண்ணனால் குலை வெட்ட முடியாது. கோயிலைக் கூட்டி விளக்கேற்றுகிற வேலையை எடுத்துக்கொண்டார். கட்டையை ஊன்றிக்கொண்டு ஒற்றை வெறுங்காலால் குதித்துக் குதித்துப் போவார். உத்தரவு இன்னும் வரவில்லையே! மிச்சமிருக்கிற காலிலும் செருப்பு ஏறவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்விதான். “நான் என்ன குத்தம் செஞ்சிருப்பேன்னு நெனக்கிறீங்க?” சிறு வயதில் கல்லெறிந்து கொன்ற ஓணானிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். அந்தக் கணக்கில் என் சப்பாத்து மட்டும் வந்ததே இல்லை. அதை அவர் மறந்தே போய்விட்டார்.

நான் ஃபேக்டரியில் வேலை செய்த ஒருவரை, நானே விரும்பியவரைக் கட்டிக்கொண்டேன். பத்து பெரண்டாமில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. அண்ணன்தான் கட்டையை ஊன்றி நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். என் வீட்டில் குளிர்ந்த தரையில் நான் வைக்கிற ஒவ்வொரு அடியும் அவர் காலால் வாங்கியது. நல்ல தூக்கமும் அவரால்தான், நல்ல சாப்பாடும் அவரால்தான். இரண்டும் எனக்கு இறங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு ஆடிக்கும் நான் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனால் முன்னால் தள்ளுவார்கள். உறுமி அடிக்கும். நான் ஆடுவேன். திருநீறு பூசுவேன், வாய் திறக்க மாட்டேன். அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘இந்த ஆண்டாவது சொல்லிவிடு’ என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சுவாள். கால் போன பிறகு ‘போட்டுக்கொள்’ என்று சொன்னால் அந்தக் கால் எதற்குப் போனது என்று அவர் கேட்க மாட்டாரா? என்ன பதில் வைத்திருக்கிறேன்? அடுத்த நெற்றிக்குத் திருநீறு பூசப் போய்விடுவேன்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. நம்புவீர்களா? கோழை எவ்வளவு காலத்தையும் ஓட்டிவிடுவாள்.

போன ஆண்டு காட்டுத்தீயின் புகைமூட்டம் எங்கள் ஊரையே மூடியது, அந்தச் சமயத்தில் அண்ணனின் இடது காலில் பெருவிரல் ஓரம் கொப்புளம் வந்தது. கோயில் சிமெண்டுத் தரையின் சூடு. உடைந்து புண்ணானது, ஆறுவதும் மறுபடி உடைவதுமாக இருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படுக்கையில் சேர வேண்டும், செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. அண்ணன், “ஆடி வரட்டும், அம்மாவக் கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

இந்த ஆடியில் முடிவெடுத்துத்தான் போனேன். பொய்யோ பாவமோ, அந்தக் காலைக் காப்பாற்றிவிட வேண்டும். உறுமி தொடங்கியதும் முடியை அவிழ்த்தேன். நேராக அண்ணனிடம் போனேன். கந்தல் சுற்றிய அந்த ஒற்றைக் கால் மண்ணில் நீட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“செருப்பு போடு மணியம்! உத்தரவு குடுத்துட்டேன்... ஆஸ்பத்திரிக்குப் போ! இன்னிக்கே போ! போட்டுக்கோ... போட்டுக்கோ...”

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல என் கையைப் பிடித்தார். அம்மன் கையைப் பிடிக்க யாருக்கும் துணிவு வராது. என் கையைத்தான் பிடித்தார். மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“இது அம்மா இல்லம்மா. நீதான் பேசற. ஒனக்கு இந்த அண்ணன் மேல பாசம்... அதான்.”

“இல்ல...”

“அன்னிக்கு அம்மா வந்தப்ப ஒன் கண்ணப் பாத்தேன். அதுக்கு என்னை யாருன்னே தெரியல. அவ்வளவு வெறுப்பு. அதுதான் சாமி. இன்னிக்கு நீ அழுவுற. சாமி அழாதும்மா.”

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. இதைவிட நல்ல தருணம் எனக்கு இனி வாய்க்காது. ‘அன்றைக்கும் நான்தான் அண்ணே, அந்த வெறுப்பும் என்னுடையதுதான்’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்தேன்...

அவர் என் முடியை அள்ளித் தோளுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். “போம்மா. வெயிலா இருக்கு. வெளிய செருப்பு கெடக்கும், போட்டுக்கிட்டுப் போ. கால் சுடும்” என்றார்.

நான் போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்!

இன்று காலை அண்ணி போன் செய்தார். பக்கத்து விரலும் கறுத்துவிட்டதாம். அண்ணன் கோயிலைக் கூட்டப் போயிருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டும் அண்ணி போனை வைக்கவில்லை. மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்படியா அண்ணி” என்று மட்டும் கேட்டேன்.